குடிக்கக் கூடாத தண்ணீர்

டாலஸை ஒட்டிய எங்கள் காப்பெல் ஊர் நூலகத்தின் கூட்ட அறையில் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். என்னால் தட்ட முடியவில்லை.

சுவரில் ஓடிய வீடியோவில், தான்சானியாவின் வடக்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைப்பம்பைச் சுற்றி நின்றிருந்தார்கள். அந்தப் பம்பு நாங்கள் போட்டுக் கொடுத்தது. அது தண்ணீர் கொடுக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆனதைக் கொண்டாடத்தான் அன்று கூடியிருந்தோம். ஒரு சிறுமி இரண்டு கைகளாலும் தண்ணீரை ஏந்திக் குடித்துவிட்டு, கேமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். அவள் முன்பற்களில் குறுக்காகப் பழுப்புக் கோடுகள் இருந்தன. பக்கத்தில் நின்றவள் வாயிலும் இருந்தன. பின்வரிசையில் எட்டிப் பார்த்துச் சிரித்த இரண்டு பேருக்கும் இருந்தன.

"சூப்பர்ல?" என்றார் என் கணவர், என் காதருகே குனிந்து.

"வீட்டுக்குப் போலாங்க."

"என்னாச்சு? இன்னும் சாப்பாடே ஆரம்பிக்கல."

"போலாம், ப்ளீஸ்."

அந்தக் கோடுகளை எனக்குத் தெரியும். அமெரிக்கா வந்து முதல் வேலை கிடைத்து, பல் மருத்துவரிடம் போய் முன்பற்கள் மீது வெள்ளைத் தகடு ஒட்டிக்கொள்ளும் வரை அவை என் வாயில் இருந்தன.

நான் தருமபுரிப் பக்கம். எங்கள் ஊர் மண்ணுக்கடியில் ஃபுளோரைடு அதிகம். நாங்கள் பிறப்பதற்கு முன்பு திறந்த கிணற்றில் இறைத்துக் குடித்தார்களாம். கிணறுகள் வற்றியதும் தெருவுக்குத் தெரு போர் போட்டு அடிபம்பு வைத்தார்கள். ஆழத்தில் இருந்து வந்த அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், குடிக்க நன்றாகவும் இருக்கும். அதைக் குடித்துத்தான் எங்கள் பற்கள் காவி ஏறின. காலேஜில் சேர்ந்த புதிதில், சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பற்களோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. என் பெரியப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள் முதுகெலும்பு இறுகிப்போயிற்று. யாராவது பின்னால் இருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார், முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பார். வெகு காலம் கழித்து ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தது. அதற்குள் எங்கள் தலைமுறை வளர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன்.

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டாலஸைச் சுற்றி இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஆரம்பித்தது. ஆலனில் இருக்கும் ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினீயர் ஒருவர்தான் அதற்கு உயிர். எங்கள் எல்லோருக்கும் அவர் அங்கிள். இளவயதில் கிழக்கு ஆப்பிரிக்காவில் சாலை வேலை பார்த்தவர். அங்கே பெண்கள் விடிவதற்கு முன்பே மஞ்சள் கேன்களோடு நடப்பதைப் பார்த்ததை அவரால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஏரிப் பூங்காவைச் சுற்றி ஒரு நடை வைப்பார். நன்கொடை கொடுப்பவர்கள் தண்ணீர் நிரம்பிய கேனைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில் அவரே முதல் ஆளாகத் தூக்குவார்.

நான் ரிச்சர்ட்சனில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் கோட்டைவிட்ட பிழையைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் குழுவின் காகிதங்கள் எல்லாம் என்னிடம் வந்தன. "நீ க்யூஏ தானேம்மா, நீயே எல்லா டாக்குமெண்டும் செக் பண்ணிடு" என்று அங்கிள் ஒப்படைத்திருந்தார்.

போர் போட்டவர்கள் அனுப்பிய தண்ணீர்ச் சோதனை அறிக்கை இரண்டு பக்கம். கிருமி இல்லை. கலங்கல் இல்லை. உப்பு அளவோடு இருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஃபுளோரைடு என்று ஒரு வரி. அதற்கு எதிரே எண் எதுவும் இல்லை, ஒரு சின்னக் கோடு மட்டும். சோதிக்கவில்லை என்று அர்த்தம். அதற்குக் கீழே, ஓரத்தில், நானே தட்டியிருந்த குறிப்பு: எல்லாம் சரியாக இருக்கிறது, மேலே போகலாம்.

தருமபுரியில் பிறந்தவள் அந்த வரியைப் பார்த்துவிட்டு அப்படி எழுதியிருக்கிறேன். அன்று என்ன அவசரத்தில் இருந்தேன், மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்ததா, ஆபீஸில் ரிலீஸா, எதுவும் நினைவுக்கு வரவில்லை.

கணவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். அவர் சென்னைக்காரர், இந்தப் பல் விவகாரத்தை என் வாயில் மட்டுமே பார்த்தவர்.

"போர் போட்டு ஒரு வருஷம்தானே ஆச்சு? ஒரு வருஷத்துல பல்லு அப்படி ஆயிடுமா என்ன?"

"ஆகாது. அந்தக் கறை இந்தத் தண்ணியால வந்தது இல்லைங்க. அதுக்கு முன்னாடி என்ன குடிச்சாங்களோ அதால வந்தது. ஆனா அந்த மண்ணுல அது இருக்குன்னு தெரியுதுல்ல? மேலயே இவ்ளோ இருந்தா, நம்ம ஆழத்துல இருந்து எடுத்துக் குடுத்திருக்கோமே, அதுல எவ்ளோ இருக்கும்?"

"ஓகே. இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணா தெரிஞ்சிடப் போகுது. நீ இப்பவே டென்ஷன் ஆகி என்ன பண்ணப் போற?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் பால் பல் விழாத குழந்தைகளுக்கு ஈறுக்குள் இப்போதுதான் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கும். எலும்பும் அப்படித்தான். அந்த ஊரில் ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்? ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் குடிப்பார்கள்? நான் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன்.

மறுநாள் அங்கிளுக்கு போன் செய்தேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு பொறுமையாகக் கேட்டார், கடைசியில் குரல் இறுகியது.

"நல்ல பேர் எடுத்த ட்ரில்லர்மா அவங்க. சும்மா விட்டிருக்க மாட்டாங்க."

"டெஸ்ட் பண்ணலன்னு ரிப்போர்ட்லயே இருக்கு அங்கிள்."

"சரி, பண்ணிடலாம். யார் வேணாம்னா? செப்டம்பர்ல அவங்க சைட்டுக்குப் போவாங்க. அப்ப சாம்பிள் எடுக்கச் சொல்றேன்."

"இது மே மாசம் அங்கிள்."

"நீ கொஞ்சம் யோசிம்மா. ரெண்டாவது போர்வெல்லுக்கு இப்பதான் எல்லாரும் ஆர்வமா வர்றாங்க. கன்ஃபர்ம் ஆகாம எதையாவது வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடாத. ஒரு தடவை நம்பிக்கை போச்சுன்னா போச்சு."

போடவில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் போனேன், மீட்டிங்கில் உட்கார்ந்தேன், யார் என்ன கேட்டார்கள் என்று தெரியாமல் தலையாட்டினேன். ஆபீஸ் கிச்சனில் டம்ளரில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் கை ஒரு நொடி நின்றது.

செவ்வாய்க்கிழமை மகளுக்குப் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. பல்லைச் சுத்தம் செய்த பெண், எப்போதும் கேட்பது போல, ஃபுளோரைடு பூசிவிடட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்!" என்றேன். அறையே திரும்பிப் பார்த்தது.

காரில் ஏறியதும் மகள் சீட் பெல்ட்டைக்கூடப் போடவில்லை. "அம்மா, வொய் வேர் யூ ஸோ மீன் டு ஹெர்?"

வண்டியை எடுக்காமல், பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சமாக இருந்தால் பல்லுக்கு நல்லது, அதனால் இங்கே தருகிறார்கள். அளவுக்கு மேல் போனால் அதே பொருள் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். என் பற்களைப் பற்றியும் சொன்னேன். அதுவரை அவளுக்குத் தெரியாது.

"வெயிட். யுவர் டீத் ஆர் ஃபேக்?"

"ஃபேக் இல்லடி. மேல ஒட்டியிருக்காங்க. முன்னாடி மட்டும்."

அவள் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "டிட் யூ டெல் தெம்? தி பீப்பிள் தேர்?"

"டெஸ்ட் வரட்டும்னு அங்கிள் சொல்றார். சும்மா பயமுறுத்தக் கூடாதுல்ல."

"பட் அம்மா, தே ஆர் டிரிங்கிங் இட் ரைட் நவ்."

அந்த மத்தியானமே டீச்சருக்கு எழுதினேன். அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூட ஆசிரியை அவர். பம்பைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் குழுவுக்கும் எங்களுக்கும் இடையே அவர்தான் பாலம். எங்கள் பேச்சு எல்லாம் ஆங்கிலத்தில், பெரும்பாலும் குரல் செய்திகளாக. அவர் மொழியில் அக்காவை 'டாடா' என்பார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது, பேச ஆரம்பிக்கும்போதே ஏன் டாடா காட்டுகிறார் என்று என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான்கு முறை அடித்து அழித்தேன். கடைசியில், தண்ணீரில் ஒரு பொருள் இருக்கிறதா என்று சோதிக்க விரும்புகிறேன், பிள்ளைகளின் பற்களைப் பார்த்து ஒரு சந்தேகம், என்று மட்டும் எழுதினேன்.

பதில் மறுநாள் காலை நான் ஃப்ரீவேயில் இருக்கும்போது வந்தது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திக் கேட்டேன்.

"டாடா, பற்களா? அது எங்கள் ஊர் அடையாளம். சந்தையில் பல்லைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள். மலையடி ஊற்றுத் தண்ணீரால் வருகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் பம்புத் தண்ணீர் ருசியாக இருக்கிறதே! என் மகளுக்கு இரண்டு வயது. அவளுக்குக் கொடுப்பதை நிறுத்தவா? வேறு என்ன கொடுக்கட்டும்?"

அந்த ஊரில் வேறு இரண்டு தண்ணீர்தான். ஒன்று மலையடி ஊற்று. அது மழைக்காலத்தில் மட்டும் ஊறும். இன்னொன்று ஆறு, போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும், மாடுகளும் அதில்தான் இறங்கும்.

ஓடுகிற ஆற்றில் ஃபுளோரைடு குறைவாகத்தான் இருக்கும், அந்தத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள், சோதனை முடிவு வரும்வரை, என்று சொன்னேன். பம்புத் தண்ணீரைக் காய்ச்சினால் பயனில்லை, தண்ணீர் வற்றி ஃபுளோரைடு இன்னும் செறிவாகத்தான் ஆகும் என்றும் சொன்னேன். ஒரு தண்ணீரைக் காய்ச்ச வேண்டும், இன்னொன்றைக் காய்ச்சக் கூடாது. சொல்லும்போதே எனக்குக் குழப்பமாக இருந்தது.

சாம்பிள் எடுக்கும் விதத்தைப் படமெடுத்து அனுப்பினேன். கண்ணாடி பாட்டில் கூடாது, பிளாஸ்டிக்தான். அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். டீச்சரின் கணவர் மினிபஸ் பிடித்து நகரத்துச் சோதனைக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே அந்தச் சோதனைக்கு வேண்டிய மருந்து தீர்ந்துவிட்டதாம், வந்ததும் பார்த்துச் சொல்கிறோம் என்றார்களாம். ஒரு வாரம் போயிற்று. இரண்டாவது வாரமும் போயிற்று.

அந்த இரண்டாவது வாரத்தில், ஒரு புதன்கிழமை, டீச்சரிடமிருந்து குரல் இல்லாமல் எழுத்தாக ஒரு செய்தி வந்தது. குழந்தைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆற்றுத் தண்ணீர்.

நான் ஆபீஸ் பாத்ரூமில் போய் நின்றுகொண்டேன். உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்னென்னவோ எழுதினேன். ஒரு டிக் மட்டும் விழுந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு டிக்தான். கணவர் சாதம் போட்டுக்கொடுத்து எதிரில் உட்கார்ந்தார்.

"நான் சொன்னதாலதானே ஆத்துத் தண்ணி குடுத்தாங்க?"

"காய்ச்சிக் குடுக்கத்தானே சொன்ன?"

"இங்க ஏசில உக்காந்துகிட்டு காய்ச்சுங்கன்னு சொல்றது ஈஸி. விறகு எங்க இருந்து வரும்னு நான் கேக்கலையே!"

அவர் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தட்டில் இருந்த சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

வியாழன் முழுக்கச் செய்தி இல்லை. வெள்ளிக்கிழமை காலை போன் அதிர்ந்தது. டீச்சரின் குரல் களைத்திருந்தது, ஆனால் பின்னணியில் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்து அழும் சத்தம் கேட்டது. அவ்வளவு அழகான அழுகையை நான் கேட்டதில்லை. டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, வீட்டில் பார்த்துக்கொண்ட உறவுக்காரப் பெண் காய்ச்சாத குடத்திலிருந்து மொண்டு கொடுத்துவிட்டாளாம். கிளினிக்கில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். இப்போது பரவாயில்லை.

"கோபமா?" என்று கேட்டேன்.

"உங்கள் மேலா? இல்லை டாடா. தண்ணீர் மேல்தான் கோபம்" என்றார்.

அடுத்த வாரம் சோதனை முடிவு வந்தது. மளிகைக் கடை வாசலில், வண்டியில் சாமான் ஏற்றும்போது பார்த்தேன். குடிக்கத் தகுந்த அளவுக்கு வெகு மேலே. தருமபுரியில் என் ஊர்ப் பம்பைவிடவும் மோசம். கார் டிரங்கைத் திறந்து வைத்தபடி அங்கேயே நின்றிருந்தேன், பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்கும்வரை.

நேராக ஆலனுக்கு ஓட்டினேன். அங்கிள் கதவைத் திறந்தபோது கையில் இரண்டாவது போர்வெல்லுக்கான வரைபடம் வைத்திருந்தார். போனை நீட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி முதலில் இருந்து படித்தார்.

"அப்போ நாம விஷத்தையா குடுத்திருக்கோம்?"

"அப்படி இல்ல அங்கிள். நிறைய நாள் குடிச்சாத்தான். இப்ப நிறுத்தினா..."

"ட்ரில்லர் ஏன் செக் பண்ணல? அவனை விடக் கூடாது."

அப்போதுதான் நான் சொன்னேன். "அந்த லைன் பிளாங்க்கா இருந்ததை நான் பார்த்தேன் அங்கிள். நான்தான் ஓகே குடுத்தேன். எங்க ஊர்ல பிறந்துட்டு நான்தான் அதை விட்டுட்டேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சோபாவில் உட்கார்ந்து, மடித்து வைத்த வரைபடத்தை முழங்கால் மீது தேய்த்துக்கொண்டே இருந்தார். "செப்டம்பர் வரைக்கும் வெயிட் பண்ணலாம்னு சொன்னவன் நான்" என்றார். உள்ளே இருந்து ஆன்ட்டி காபி கொண்டுவந்து வைத்தார். அது ஆறி ஆடை கட்டியது.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, அங்கே பிற்பகல் மூன்றுக்கு, அங்கிளின் சாப்பாட்டு மேசையில் லேப்டாப் வைத்துப் பேசினோம். திரையில், ஒரு மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். டீச்சர் மொழிபெயர்த்தார். அங்கிள் மன்னிப்புக் கேட்டார். நான் சோதனை முடிவைச் சொன்னேன். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பம்புத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்றேன். குளிக்க, துவைக்க, தோட்டத்துக்குப் பயன்படுத்தலாம் என்றேன்.

அந்தப் பெண்கள் குழுவின் தலைவி உயரமான பெண்மணி, தலையில் பச்சைத் துணி கட்டியிருந்தார். அவர் பேசப் பேச டீச்சரின் குரல் தயங்கியது.

"அவர் சொல்கிறார்: முன்பு ஆற்றுக்குப் போவதிலேயே என் நாள் போய்விடும். இப்போது அந்த நேரத்தில் பம்புக்குப் பக்கத்தில் வெங்காயமும் கீரையும் போடுகிறேன். சந்தைக்குக் கொண்டுபோகிறேன். என் மகள் முதல் முறையாகப் பள்ளிக்கூடம் போகிறாள். மறுபடி எங்களை ஆற்றுக்கு அனுப்புகிறீர்களா?"

தலைவி நிறுத்தவில்லை.

"பம்பை எந்த இடத்தில் வைக்கலாம் என்று எங்களைக் கேட்டீர்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். இந்த மண்ணில் ஊறும் தண்ணீரைக் குடித்தால் மாட்டுக்கே பல் தேய்கிறது. நீங்கள் பெரிய இயந்திரம் கொண்டுவந்தீர்கள், உங்கள் தண்ணீர் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்தோம். இப்போது மட்டும் உங்கள் பேச்சை ஏன் நம்ப வேண்டும்?"

"எனக்கும் அதே பல்தான்" என்றேன். "நானும் இப்படிப்பட்ட பம்பில்தான் குடித்து வளர்ந்தேன்."

டீச்சர் அதைச் சொன்னதும் பெண்கள் திரையை நோக்கிக் குனிந்தார்கள். தலைவி ஒரே ஒரு சொல் சொன்னார்.

"காட்டு என்கிறார்" என்றார் டீச்சர்.

முன்பற்கள் தகடு ஒட்டியவை. பக்கத்துப் பற்களுக்கு அன்று காசு போதவில்லை, அதனால் அப்படியே விட்டுவிட்டேன். அங்கிளும் ஆன்ட்டியும் பார்த்துக்கொண்டிருக்க, நான் இரண்டு விரலால் உதட்டை ஓரமாக இழுத்துப் பிடித்து, வாயைக் கேமராவுக்கு நேராகக் கொண்டுபோனேன். கடைவாய்ப் பற்களில் அந்தக் காவி அப்படியே இருந்தது. எச்சில் கையில் வழிந்தது.

முதலில் யாரோ சிரித்தார்கள். அடுத்து எல்லோரும். தலைவியும் சிரித்தார், வாயை மூடாமல். அவர் பற்களும் காவிதான். என் பெரியப்பாவின் முதுகைப் பற்றிச் சொன்னேன். மரத்தடியில் ஒருவர் எழுந்து, கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்பும் திரும்பிக் காட்டினார். அவர் கணவர் அப்படித்தானாம். முதுமை என்று நினைத்திருந்தார்களாம்.

அதற்குப் பிறகுதான் பேச்சு பேச்சாக நடந்தது. இரண்டு மணி நேரம். பம்பை மூடக் கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள்; தோட்டம் அதை நம்பித்தான் இருக்கிறது. குடிக்கிற தண்ணீர் மட்டும் வேறு. பள்ளிக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் தகரக் கூரை இருக்கிறது, அதில் விழும் மழையைப் பிடித்தால் என்ன என்று கேட்டது டீச்சர். அங்கிள் அந்தக் கணமே பென்சிலை எடுத்துவிட்டார். கூரையின் நீளம் என்ன, அகலம் என்ன, எந்தப் பக்கம் சரிவு என்று கேட்டுக் கேட்டு வரைந்தார். மழை வரும்வரை, கழுதை வண்டி வைத்திருப்பவரை வைத்து ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து பள்ளிக்கூட அடுப்பிலேயே மொத்தமாகக் காய்ச்சிச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குக் கொடுப்பது என்று தலைவி முடிவு செய்தார். எங்களைக் கேட்கவில்லை, சொன்னார்.

வாட்ஸ்அப் குரூப்பில் அங்கிளே எழுதினார், எதையும் மறைக்காமல். சிலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஆப்பிரிக்காவுக்குச் செய்வதைவிட நம்ம ஊருக்குச் செய்திருக்கலாம் என்று ஒருவர் எழுதிவிட்டுப் போனார். மற்றவர்கள் இருந்தார்கள். இரண்டாவது போர்வெல் திட்டம் நின்றது. அதற்குச் சேர்த்த பணம் மழைநீர்த் தொட்டிகளுக்குப் போயிற்று.

அக்டோபரில் நான்கு கறுப்புத் தொட்டிகளும் ஏறி உட்கார்ந்தன. மழை வரவில்லை. என் போனில் காப்பெல் வானிலைக்கு மேலே அந்த ஊர் வானிலையை வைத்திருந்தேன். தினமும் சூரியன் படம். நவம்பர் பிறந்தும் சூரியன்தான். வண்டிக் கழுதைக்குக் கால் புண்ணாகி, நான்கு நாள் பெண்கள் மறுபடி நடந்தார்கள் என்று டீச்சர் சொன்னபோது, நான் என் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். கடைசியில் மழை பெய்தது. முதல் மழையிலேயே ஒரு தொட்டி அடியில் விரிசல் விட்டு, பிடித்தது முழுக்க மண்ணில் போயிற்று. மற்ற மூன்றும் நின்றன.

இதை எழுதும் ஜனவரியில் அங்கே மழை நின்றுவிட்டது. அடுத்தது மார்ச்சில் வர வேண்டும். தொட்டிக் குழாய்களின் பூட்டுச் சாவி தலைவியின் கழுத்தில் தொங்குகிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மட்டும்தான் தண்ணீர், பாதிரியார் கேட்டாலும் இல்லை. எல்லோரும் சொன்னபடி நடக்கிறார்கள் என்று சொல்ல முடியாது; தூரத்து வீடுகளில் சிலர் இன்னமும் பிள்ளைகளுக்குப் பம்புத் தண்ணீரையே கொடுக்கிறார்கள் என்று டீச்சருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தலைவி வெங்காயத்தோடு தக்காளியும் போட்டிருக்கிறார். அவர் மகளுக்குக் கூட்டல் நன்றாக வருகிறதாம், பெருக்கலில்தான் தகராறு.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் டீச்சர் ஒரு நீளக் குச்சியைத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்வார். போன வாரம் பாதிக்குக் கீழே போய்விட்டது. மார்ச்சுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. போதுமா என்று கேட்டேன்.

"தலைவி போதும் என்கிறார்" என்றார் டீச்சர். "நான் போதாது என்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், டாடா?"

அங்கிளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. பிறகு, இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள், தொட்டி தீர்ந்தால் ஆற்றுக்குப் போகக் கழுதை வண்டிக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். அதை ஏற்கெனவே சொல்லிவிட்டார்களாம்.